மூன்று தசம் நாலும் முல்லைத்தீவுக் கரையும்

1. கவுண்டரில் சொன்ன ஒரு சொல்

டொக்டர்மார் லேப்புக்கு வருவதில்லை. ஆள் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் போனில் கூப்பிடுவார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை யூரோலஜி டொக்டர் தாமே படியிறங்கி வந்து, கையில் ஒரு ஃபைலோடு என் மேசைக்கு முன்னால் நின்றபோது, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்தேன்.

புத்தளம் நகரில் அந்தத் தனியார் லேப்பில் அப்போது நான் பதினாறு வருடம் வேலை செய்திருந்தேன். இரத்தம் எடுப்பது, மெஷினில் போடுவது, ரிப்போட் அடிப்பது, கவுண்டரில் கொடுப்பது எல்லாமே நான்தான். டொக்டர் சிங்களவர், கொழும்புப் பக்கத்திலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து மேல்மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். தமிழ் நன்றாகவே பேசுவார்.

காத்தமுத்து என்ற பேஷன்ட் எங்கே என்று கேட்டார். உடப்புக்காரர், அறுபத்திநாலு வயது. போன கிழமை பி.எஸ்.ஏ. டெஸ்ட் செய்தவர். ரிப்போட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். என்னிடம் வரவில்லையே, அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நோர்மல் எண்டு சொன்னேன் டொக்டர். மூண்டு தசம் நாலு. நாலுக்குக் கீழதானே."

டொக்டர் இரத்தம் எடுக்கிற கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேப்பர்ல நோர்மல்தான் மிஸ் நிஸா. இந்த மனுசனுக்கு அது நோர்மல் இல்ல."

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஒரு பொருள். எங்கள் ரிப்போட்டில் 3.4 போன்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், நாலுக்குக் கீழே இருந்தால் சரி என்று. ஆனால் அது சிகிச்சை எதுவும் செய்யாத ஆட்களுக்கான அளவு. காத்தமுத்து ஐயாவுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் புரொஸ்டேட்டில் புற்றுநோய் கண்டுபிடித்து வைத்தியம் செய்திருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு அச்சடித்த அளவு உதவாது. அவருடைய எண் ஆகக் குறைந்தபோது எவ்வளவு இருந்தது, அங்கிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

டொக்டர் ஃபைலை விரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். வைத்தியத்துக்கு முன் எட்டு. அதன்பின் ஒன்று தசம் ஒன்று. ஒன்று. ஒன்று தசம் இரண்டு. திரும்ப ஒன்று தசம் ஒன்று. பிறகு ஒன்று தசம் ஆறு. இரண்டு தசம் மூன்று. இப்போது மூன்று தசம் நாலு.

அத்தனை எண்ணும் என் கையால் அடித்தவை. ஒரு நாளும் அவற்றை நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

2. ஒலியால் சுட்டது

காத்தமுத்து ஐயா சம்மாட்டி. சொந்தத்தில் கரைவலை வைத்து ஆட்களை வைத்துத் தொழில் செய்கிறவர். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவருக்கு இந்த நோய் பிடிபட்டது. அது சுரப்பியின் ஒரு பக்கத்தில் மட்டும், சிறிதாக இருந்தது. சுரப்பியையே வெட்டி எடுக்கலாம் என்றார்கள், கதிர் பாய்ச்சலாம் என்றார்கள். மூன்றாவதாக டொக்டர் ஒரு புது முறையையும் சொன்னார். இங்கே வசதி இல்லை, இந்தியாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள் என்றார். ஐயா அங்கே போய்ச் செய்துகொண்டு வந்தார்.

திரும்பி வந்து முதல் தடவை இரத்தம் கொடுக்க வந்தபோது நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன், எப்படிச் செய்தார்கள் என்று. அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"சத்தத்தால சுட்டவங்க பிள்ள. கத்தியும் இல்ல, தையலும் இல்ல."

எனக்கு விளங்கவில்லை. பிறகு டொக்டரிடம் கேட்டேன். வயிற்றை ஸ்கேன் பண்ண எடுக்கிறோமே அதே ஒலி அலைதான் என்றார். பின்வழியாக ஒரு கருவியை வைத்து அந்த அலைகளையெல்லாம் அரிசி மணியளவு ஓரிடத்தில் குவிப்பார்களாம். குவிந்த இடம் மட்டும் சூடேறி வெந்துவிடும், சுற்றியிருப்பது தப்பிவிடும். நோயுள்ள பக்கத்தை மட்டும் அப்படி மணி மணியாகச் சுட்டு முடிப்பார்கள். மிச்சச் சுரப்பி உடம்பிலேயே இருக்கும். அதனால்தான் ஆயுள் முழுக்கக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு அன்றைக்கு ஒரே புளகாங்கிதம். வீட்டுக்குப் போய் என் கணவரிடம், ஆள் யாரென்று சொல்லாமல், ஒலியால் நோயைச் சுடுகிறார்களாம் என்று இரண்டு நாள் இதையே கதைத்தேன். சுட்டதை மட்டும் மனதில் வைத்திருந்தேன். கவனமாகப் பார்க்க வேண்டும் என்றதை மறந்துபோனேன்.

ஐயா ஊரில் இதை யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். வலைக்காரர்களிடம் சிறுநீரகத்தில் கல் எடுக்கப் போனதாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் ரிப்போட்டை வாங்கும்போது, யாராவது கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிதானே?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கடைசித் தடவை அவர் கேட்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து நானே முந்திக்கொண்டு சொன்னதுதான் அந்த "நோர்மல்".

3. உடைத்த தேங்காய்

ஐயாவுக்குப் போன் அடித்தோம். எடுபடவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் அதே கதைதான். இரண்டு மாதத்துக்குள்ளாவது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அடுத்த வருடம் வரட்டும் என்று விடக்கூடாது என்று சொல்லிவிட்டு டொக்டர் மேலே போனார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

லேப் முதலாளி, ரிப்போட்டில் பிழை இல்லையே, கடிதம் ஒன்று போட்டுவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்றார். ரிப்போட்டில் பிழை இல்லை, பிழை என் வாயில் என்றேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு உடப்புக்குப் பஸ் ஏறினேன்.

ஐயாவின் மனைவி என்னைக் கண்டதும் மலர்ந்துபோனா. நீங்கள்தான் அந்த லேப் மிஸ்ஸா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டா. நான் வாய் திறக்க முன்னரே சொல்லத் தொடங்கிவிட்டா.

"மிஸ் நோமல் எண்டு சொல்லிட்டா, இனி லேப்புக்கே போகத் தேவையில்ல எண்டு சிரிச்சுக்கொண்டு வந்தவர். அண்டைக்கே அம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சிட்டு வந்தனாங்கள்."

தேத்தண்ணி தந்தா. அதைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தேன். ஆள் எங்கே என்று கேட்டேன். இந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கிற காலம், அதனால் வலையையும் ஆட்களையும் கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய்விட்டார், மூன்று நாலு மாதம் அங்கேதான் கரையில் ஓலைக் கொட்டில் அடித்து வாடி போட்டு இருப்பார்கள் என்றா. போன் கடலில் விழுந்துவிட்டதாம். வேறு யாருடையதோ போனில் எப்போதாவது எடுப்பாராம், எந்த வாடி என்று தெரியாதாம்.

உண்மையைச் சொன்னேன். நான் சொன்னது பிழை, எண் ஏறியிருக்கிறது, திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். அவ அழவில்லை. "அப்ப ஆளக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றா. அவ்வளவுதான்.

4. உப்பு லொறி

என் கணவர் இர்ஷாத் பாலாவியிலிருந்து உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். கருவாடு போடும் காலத்தில் வாடிகளுக்கு மூட்டை மூட்டையாக உப்பு போகும். அன்று வீட்டுக்கு வந்து, பேரைச் சொல்லாமல், ஒரு பேஷன்டைத் தேடி முல்லைத்தீவுக் கரைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நாளைக்குச் சுபஹு தொழுதிட்டு லொறியில ஏறு. எனக்கு அங்க ஆறு வாடிக்கு உப்பு இரிக்கு."

அந்தப் பயணம் இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. அநுராதபுரம், வவுனியா, மாங்குளம் என்று லொறி போனது. போகப் போக எனக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. அத்தனை வருடம் ஒரு அறைக்குள் இருந்து குழாய்களைப் பார்த்தவள், முதல்முறையாக ஒரு குழாய்க்குச் சொந்தமான ஆளைத் தேடிப் போகிறேன். பயம் ஒரு பக்கம், கண்டுபிடித்தே தீருவேன் என்ற துடிப்பு ஒரு பக்கம். கணவர் வழக்கம்போல் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். ஒரு வாய் குடித்துவிட்டுப் போவோம் போவோம் என்று அவரை நெருக்கினேன்.

முதல் வாடியில் எல்லாரும் சிலாபத்துக்காரர்கள். காத்தமுத்து என்று யாரும் இல்லை. உப்பை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். இரண்டாவது வாடியில் பெயர் தெரிந்தது. அவர் மூன்று நாளைக்கு முன்னம் வரை இங்கே இருந்தவர், மீன் குறைய வடக்கே தள்ளிப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாவதில் யாரும் இல்லை, வெறும் கொட்டிலும் நாய்களும்தான். நாலாவது வாடிக்குப் போகும் மணல் பாதையில் லொறியின் பின் சில்லு புதைந்தது. கணவர் இறங்கி மண்ணை வெட்டிக்கொண்டு நின்றார். எனக்கு நிற்க ஏலாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தேன். கொஞ்ச நேரத்தில் நடை ஓட்டமாகிவிட்டது.

பனைகள் தாண்டிக் கடல் தெரிந்தது. இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார்கள். இழுக்கிற தாளத்துக்கு அம்பாப் பாட்டு. இரண்டு வரிசைக்கும் நடுவில், இடுப்பளவு தண்ணீரில், கையைக் காட்டி ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை.

5. மடி வரட்டும்

என்னைக் கண்டதும் அவர் தண்ணீரை விட்டு ஏறி வேகமாக வந்தார்.

"வீட்டில ஆருக்கும் என்னவும் ஆச்சுதா?"

"வீட்டில எல்லாரும் சுகம் ஐயா. கொஞ்சம் அங்கால வாங்க, தனியாக் கதைக்கணும்."

ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தோணியின் மறைவுக்குப் போனோம்.

"ஐயா, நான் உங்களுக்கு நோர்மல் எண்டு சொன்னது பிழை. என்ட பிழை."

எண்களை எழுதிக் கொண்டுவந்த தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் கண்ணாடி இல்லாததால் தாளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசி எண்ணை வாசித்ததும் திரும்ப ஒருமுறை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வத்தின தண்ணி ஏறுது" என்றார்.

"ஓம் ஐயா."

தோணியில் சாய்ந்துகொண்டார். பிறகு, உடம்பில் ஒன்றும் நோகவில்லை, சலமும் ஒழுங்காகப் போகிறது, இந்த மாதம்தான் மீன் விழத் தொடங்கியிருக்கிறது, சீசன் முடிந்து வருகிறேன் என்றார். நோகாமல் இருக்கும்போதே பிடித்தால்தான் பிடிக்கலாம், நொந்த பிறகு வந்தால் அது வெளியே போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் வலை வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருடைய மனைவி சொன்னதை அப்படியே சொன்னேன், ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறா என்று. அவர் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அவளிட்டப் போய்ச் சொன்னீங்களா, உங்கட பிழை எண்டு?"

"ஓம்."

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"ஓம் ஐயா."

அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"சரி. மடி வரட்டும். வந்தாப் பிறகு போவம்."

மடி என்பது வலையின் பின்முனைப் பை. அது கரை ஏறும் வரை சம்மாட்டி கரையை விட்டுப் போகமாட்டார். அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். அதற்குள் லொறியும் வந்து சேர்ந்தது. மடி கரைக்கு வந்தபோது சூடை மீன் வெள்ளியாகத் துள்ளிக் குதித்தது. ஆட்கள் சத்தம் போட்டார்கள். நானும் என்னை மறந்து சத்தம் போட்டேன் என்று கணவர் பிறகு சொன்னார். ஐயா மீனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூத்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டு வலையை ஒப்படைத்தார். வீட்டு அலுவல் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாற்றுச் சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினார். மிச்ச இரண்டு வாடிக்கும் உப்பை இறக்கிக்கொண்டு திரும்பினோம். வவுனியா தாண்டியதும் ஐயா என் கணவரிடம், பாலாவி உப்பு இந்த வருடம் ஈரமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். புத்தளம் வரும்வரை இரண்டு பேரும் அதையே கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

6. பதினெட்டு நிமிடம்

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முன்பு சுட்ட இடத்தின் ஓரத்தில் சின்னதாகத் திரும்ப வந்திருந்தது. சுரப்பிக்குள்ளேயேதான் இருக்கிறது, வெளியே போகவில்லை என்று டொக்டர் சொன்னார். நான் லேப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ரக்அத் தொழுதேன்.

இந்த முறையும் டொக்டர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். இந்த ஒலி வைத்தியத்தில் சிலருக்கு ஒரு தடவையோடு சரி. சிலருக்கு இரண்டாம் தடவை தேவைப்படும். சிலர் கடைசியில் ஒப்பரேஷனுக்கோ கதிருக்கோ போக வேண்டி வரும். யார் எந்த வகை என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது, வருடக்கணக்காகப் பார்த்தால்தான் தெரியும். ஐயா கேட்டது ஒன்றுதான்: நான் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நிற்கிறவன், சலத்தைப் பிடித்து வைக்க ஏலுமா? ஒப்பரேஷனில் அந்தப் பயம் கூடுதல், திரும்பச் சுடுவதிலும் முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல், இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார் டொக்டர். ஐயா ஒரு கிழமை யோசித்து, மனைவியோடும் கதைத்து, ஒலியையே திரும்பத் தெரிந்தெடுத்தார்.

செய்துகொண்டு வந்து மூன்று மாதத்தில் முதல் டெஸ்ட். எங்கள் மெஷினில் பி.எஸ்.ஏ. வர அப்போது பதினெட்டு நிமிடம் எடுக்கும். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. வெளியே கதிரையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். திரையில் எண் விழுந்தது. பூச்சியம் தசம் ஆறு. எழுத்துப் பிழை விட்டு ரிப்போட்டை இரண்டு தடவை அடிக்க வேண்டி வந்தது.

கவுண்டருக்கு வந்து, எண்ணை மட்டும் சொன்னேன். பழைய எண்களையும் அதே தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். டொக்டரைக் கண்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மாடிப்படியைக் காட்டினேன். மேலே ஏறிப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் லேப்பில் ஒரு கொப்பி வைத்தேன். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தவர்களின் எண்கள் அதில் ஆளுக்கு ஒரு பக்கமாக வரிசையாக இருக்கும். எண் கூடினால் நாங்களே டொக்டருக்கு அறிவிப்போம். இரண்டு போன் இலக்கம் வாங்குவோம், ஒன்று வீட்டில் இருக்கிறவருடையது. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: மெஷின் தருகிற எண் சரியாக இருக்கும். அதைச் சரியாக அடித்துவிட்டால் வேலை முடிந்ததென்று நானும் நினைத்திருந்தேன். ஒரு ஆளின் ஒரு எண்ணை அவருடைய மற்ற எண்களோடு வைத்துப் பார்க்காமல் அதற்கு அர்த்தம் சொல்லக்கூடாது. அர்த்தம் சொல்வது என் வேலையும் இல்லை. இதைப் படிக்க எனக்குப் பதினாறு வருடமும் ஒரு லொறிப் பயணமும் தேவைப்பட்டன.

7. பத்தாவது வருடம்

முதல் வைத்தியம் செய்து பத்து வருடம் நிறைந்த டெஸ்ட்டையும் நான்தான் செய்தேன். அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. எண் பூச்சியம் தசம் ஏழு. டொக்டருக்குப் போன் போட்டு, கொப்பியிலிருந்த முழு வரிசையையும் வாசித்தேன். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு, நல்லது, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம், இந்தச் செய்தியை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள் என்றார்.

ஐயாவுக்கு அடித்தேன். காற்று இரைந்தது. பின்னால் அம்பாப் பாட்டு. எண் வந்துவிட்டது என்றேன். பொறுங்கள் என்றார். பாட்டு நின்றது.

"இப்பச் சொல்லுங்க பிள்ள. ஸ்பீக்கரில போட்டிருக்கன். எல்லாரும் பக்கத்தில நிக்கிறாங்கள்."

"ஐயா, இது உங்கட சொந்த விஷயம்."

"பத்து வருஷமா ஒளிச்சதுதானே. போதும். நான் இவங்களிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டன், கல் இல்ல எண்டதையும் சொல்லிட்டன். சொல்லுங்க."

சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். பிறகு ஒரு தயங்கிய குரல், அந்த டெஸ்ட்டை எங்களுக்கும் செய்யலாமா, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டது. முதலில் டொக்டரோடு கதையுங்கள், அவர் சொன்னால் லேப் காலை ஏழு மணிக்குத் திறக்கும் என்றேன்.

அடுத்து டொக்டர் வந்த சனிக்கிழமை, ஏழு மணிக்கு முன்னமே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள், வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடிக்குப் போனார்கள். டொக்டரோடு கதைத்துவிட்டு ஏழு பேர் கீழே வந்து கதிரைகளில் இருந்தார்கள். புதுக் கொப்பி ஒன்றை விரித்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். வலையிழுத்துக் காய்த்த கையை நீட்டிக்கொண்டு இருந்த அந்த மனிதர், ஊசியைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிஸ், ஊசி மட்டும்தானே? சுடுறது ஒண்டும் இல்லையே?"

"ஓம்," என்றேன். "இண்டைக்கு ஊசி மட்டும்தான்."